கனகராயன் ஆற்றோடு ஆறு நாள்

முதல் நாள்: சேமமடு

மார்கழி மழை ஓய்ந்ததும் அம்மா தொலைபேசியில் கேட்டார். "நீ தண்ணி சோதிக்கிற வேலைதானே செய்யிறாய். எங்கட ஆத்தில பிள்ளையளைக் குளிக்க விடலாமோ, விடக்கூடாதோ? ஒரு முடிவாச் சொல்லு."

அக்காவின் சின்ன மகள் ஆற்றில் குளித்துவிட்டு வந்து நாலு நாள் வயிற்றோட்டத்தில் கிடந்தாள். அதற்குப் பிறகு வந்த கேள்வி அது. ஆற்றுத் தண்ணீரால்தான் வந்தது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அதனால் வரவில்லை என்று சொல்லவும் சான்று இல்லை. கொழும்பில் எங்கெங்கிருந்தோ போத்தலில் வரும் தண்ணீரைப் பன்னிரண்டு வருடமாகச் சோதித்து வருகிறேன். நான் நீந்தப் பழகிய ஆற்றிலிருந்து ஒரு போத்தல்கூட எடுத்துப் பார்த்ததில்லை. அந்த நினைப்பு மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கிழமை விடுமுறை எடுத்து ஊருக்கு வந்துவிட்டேன்.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தின் வடக்கில் சேமமட்டுப் பக்கம் தொடங்குகிறது. முல்லைத்தீவு மாவட்டத்துக்குள்ளால் வடக்கே ஓடி, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, பிறகு எங்கள் வட்டக்கச்சிப் பக்கத்து வயல்வெளிகளைத் தொட்டுக்கொண்டு சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. மாரியில் கரை புரளும். ஆடி, ஆவணியில் வெறும் மணலாகக் கிடக்கும், ஆங்காங்கே மடுக்கள் மட்டும் மிஞ்சும். பாலியாறு, பறங்கியாறு, பேராறு என்று வன்னியின் மற்ற ஆறுகளும் இப்படித்தான். ஓடும் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் தை மாதம் நல்ல மாதம்.

மாமா தன் பட்டா என்ற சின்ன லொறியோடு வந்தார். பெறாமகனும் சேர்ந்துகொண்டான். பத்தாம் வகுப்பு, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டான். பின்பக்கத்தில் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டி, கிருமி நீக்கிய போத்தல்கள், வெப்பமானி, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் மானி, ஒட்சிசன் பார்ப்பதற்கான இரசாயனக் குப்பிகள், நுளம்பு வலைத் துணியில் அம்மா தைத்துத் தந்த சதுர வலை.

போகும் வழியில் மாமாவிடம் ஒன்றைச் சொல்லி வைத்தேன். அம்மா கேட்டது ஒரு கேள்வி. நான் இரண்டாகக் கேட்கப்போகிறேன். இந்தத் தண்ணீரில் பிள்ளை குளிக்கலாமா? இந்தத் தண்ணீரில் மீன் வாழுமா? 2019 இல் இலங்கை அரசு நீர்நிலைகளின் தரத்துக்கு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. அதிலும் குளிக்கும் நீர் ஒரு வகை, நீர்வாழ் உயிர்களுக்கான நீர் இன்னொரு வகை. பிள்ளைக்குப் பகை குடலிலிருந்து வரும் கிருமி. மீனுக்கு அந்தக் கிருமியால் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு ஒட்சிசன் குறைந்தால் உயிர் போய்விடும். அந்த ஒட்சிசன் குறைவு பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மீன் துள்ளுது எண்டு பாத்து இறங்கக்கூடாது" என்றார். அதேதான்.

சேமமட்டில் மரங்களுக்கடியில் கணுக்கால் அளவு தண்ணீர். பிளேன்ரீ நிறம். பெறாமகன் முகத்தைச் சுளித்தான். அது அழுக்கில்லை, இலைச்சருகு ஊறிய சாயம் என்று ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்தபோது நிறம் இருந்தது, கலங்கல் இல்லை.

போத்தல் பிடிக்கும் முறையையும் அவனுக்குப் பழக்கினேன். கிருமி பார்க்கும் போத்தலை அடியில் பிடிக்க வேண்டும், வாய்ப்பக்கம் விரல் படக்கூடாது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஒரு சாண் ஆழத்தில் வாயைத் திறந்து நிரப்பி, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு மூட வேண்டும். ஒட்சிசன் போத்தலுக்கோ நேர்மாறு. அதில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. அவன் மூன்று தரம் நிரப்பி மூன்று தரமும் ஒரு சின்னக் குமிழி ஒட்டிக்கொண்டிருக்க, நாலாம் தரம் சரியாக வந்தது.

பிறகு வலை. நான் கற்களைக் காலால் கிளற, அவன் கீழே வலையைப் பிடித்தான். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் அரிசியளவில் மூன்று வால்முடியோடு சில குஞ்சுகள், வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் துடித்துக்கொண்டிருந்தன. பறக்கும் பருவத்தில் ஓரிரு நாள் மட்டும் வாழும் ஒரு பூச்சியின் இளம் பருவம் அது. நீரில் கிழமைக்கணக்கில் இருக்கும், ஒட்சிசன் குறைந்தால் தாங்காது. மானி இந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். இந்தக் குஞ்சு உயிரோடு இருந்தால் போன சில கிழமைகளும் தண்ணீர் கெடவில்லை என்று அர்த்தம். அதனால் எனக்கு மானியைவிட வலையில்தான் நம்பிக்கை அதிகம்.

திரும்பும் வழியில் ரயருக்குக் காற்றுப் போய்விட்டது. கிருமிப் போத்தல்கள் எடுத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கிளிநொச்சியில் என் தோழி காத்திருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணித்தியாலம் தாண்டியிருந்தது. இன்றைய போத்தல்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள்: கனகராயன்குளம், மாங்குளம்

இன்று ஏ9 வீதியை ஒட்டிய நாள். வீதியோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. பின்பக்கக் குழாய் மதகடியில் திறந்திருந்தது. எண்ணெய் மினுங்கும் தண்ணீர் ஓடையில் இறங்கி, அந்த ஓடை ஆற்றுக்குப் போகிறது. குழாய்க்கு மேலே வலை போட்டேன், இரண்டு தும்பிக்குஞ்சும் நத்தைகளும் வந்தன. கீழே நூறு அடி தள்ளிப் போட்டேன், சிவப்பு நூல் போன்ற புழுக்கள்தான், தட்டு நிறைய. நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஈமோகுளோபின் அவற்றுக்கும் இருக்கிறது. ஒட்சிசன் மிகக் குறைந்த சேற்றிலும் அதை வைத்துக்கொண்டு பிழைக்கும். மற்றவை போன இடத்தில் அவை மட்டும் பெருகிக் கிடந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கடைக்காரரிடம் தட்டைக் காட்டிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். கிடங்கு வெட்டிப் போடுவதாகச் சொன்னார். செய்வார் என்று நம்புகிறேன்.

மாங்குளத்துக்கு அப்பால் ஓரிடத்தில் ஆற்று மணலை அள்ளியிருந்தார்கள். கரை இடிந்து, ஒரு பழைய மருதமரம் வேர் தெரியச் சரிந்து கிடந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஆற்று மணல் சும்மா கிடக்கும் பொருள் இல்லை. தண்ணீரை வடிப்பது அது, நிலத்தடிக்கு இறக்குவது அது, மீன் முட்டையிடவும் பூச்சிக்குஞ்சு ஒளிந்திருக்கவும் இடம் கொடுப்பது அது. அள்ளிய இடத்தில் தண்ணீர் மா கரைத்தது போல இருந்தது. வலையில் ஒன்றும் வரவில்லை. மிதக்கும் மண் செவுளில் படியும், அடியில் உள்ள கல் இடுக்குகளை அடைக்கும், வெளிச்சத்தை மறைக்கும். சூரிய வெளிச்சம் கொஞ்சம் கிருமியைக் கொல்லும். கலங்கிய நீரில் அந்த உதவியும் இல்லாமல் போகிறது.

குளிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து அந்தக் கிடங்குகள். முழங்காலளவு தண்ணீர் என்று நம்பி நடக்கும் பிள்ளை ஒரு எட்டில் தலைக்கு மேல் தண்ணீருக்குள் போய்விடும். நான் ஒரு தடியை விட்டுப் பார்த்தேன். கரையிலிருந்து நாலாவது எட்டில் தடி முழுதும் உள்ளே போனது. எந்தப் போத்தலிலும் இது பதிவாகாது. தண்ணீர் பளிங்காகத் தெளிந்து, கிருமி ஒன்றுமே இல்லாமல் இருந்தாலும் இந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. குறிப்பேட்டில் முதல் வரியாக அதையே எழுதினேன்.

பெறாமகன் மறுகரைக்குப் போக நினைத்துப் பற்றைக்குள் கால் வைத்தான். மாமா கூப்பிட்ட குரலில் அப்படியே நின்றுவிட்டான். "பாதை இருக்கிற இடத்தால மட்டும் போ." போர் முடிந்தது 2009 இல். மாமாவின் கால்கள் இன்னும் பழைய பாதையை விட்டு விலகுவதில்லை.

மாலையில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு நேரத்தோடு கிளிநொச்சி சேர்ந்தோம். போத்தல்கள் எடுத்து மூன்றரை மணித்தியாலம். தோழி சிரித்தாள்.

மூன்றாம் நாள்: இரணைமடு

இன்று வேலை குறைவு. இரணைமடுக் கட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்த குளம். கிளிநொச்சி என்ற ஊரே அந்த வேலையாட்களின் முகாமாகத் தொடங்கியதுதான். 2018 மார்கழி வெள்ளத்தில் வான்கதவுகளால் பாய்ந்த தண்ணீர் கீழே எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் வந்தது.

குளம் ஆற்றுக்கு ஒரு வடிகட்டி போல வேலை செய்கிறது. கலங்கி வரும் தண்ணீர் உள்ளே ஓய்ந்து நிற்க மண் அடியில் படியும், கிருமிகளில் ஒரு பங்கு வெயிலிலும் நாட்போக்கிலும் சாகும். காற்று அலை கிளப்பிக்கொண்டே இருப்பதால் மேல்தண்ணீரில் ஒட்சிசனும் நன்றாக இருந்தது. 27 பாகை வெப்பத்தில் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம். வெப்பமான நாட்டு மீன்களுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

தோணியைக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் வலையில் என்ன என்று கேட்டேன். பெரும்பாலும் திலாப்பியா, ஓரிரு விரால். திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்று குளத்து மீன் என்றாலே அதுதான். பெறாமகன் விராலைக் காட்டி, "சித்தி, இது இருந்தா நல்ல தண்ணிதானே?" என்றான். நல்ல கேள்வி. விரால் மேலே வந்து காற்றை நேராகவும் சுவாசிக்கும். தண்ணீரில் ஒட்சிசன் போனாலும் அது தாக்குப்பிடிக்கும். சின்னக் கெண்டைகள்தான் முதலில் தவிக்கும். அதனால் விராலைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

கட்டில் குடும்பங்கள் வந்து இருந்தன. சிலர் ஓரத்தில் கால் நனைத்தார்கள். "உள்ள இறங்காதேங்கோ, முதலை கிடக்கு" என்று தோணிக்காரர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். குளத்தை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர்.

நான்காம் நாள்: பன்னங்கண்டிக்குக் கீழே ஒரு மடு

இந்த ஒரு நாளுக்காகவே வந்தது போல் இருக்கிறது. உண்மையில் இது நேற்றுப் பிற்பகலும் இன்று விடியலும் சேர்ந்த நாள்.

இரணைமடுவுக்குக் கீழே ஆற்றில் ஓடுவது பாதி குளத்து வான்கதவுகளால் பாய்ந்த தண்ணீர், பாதி வயல்களிலிருந்து வடிந்த தண்ணீர். காலபோக நெல் கதிர் முற்றி நிற்கிறது. ஆற்றிலிருந்து பிரிந்து, ஓட்டம் இல்லாமல், வயல் வடிச்சல் மட்டும் வந்து சேரும் ஒரு மடு இருக்கிறது. தண்ணீர் கரும்பச்சை. நேற்று மூன்று மணிக்கு அதில் போத்தல் எடுத்தேன்.

ஒட்சிசன் பார்க்கும் இந்த முறையை 1888 இல் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். இப்போது மின்னணு மானிகள் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. குமிழி இல்லாமல் நிரப்பிய போத்தலில் மாங்கனீசு உப்புக் கரைசல் கொஞ்சம், பிறகு அயடைட்டும் காரமும் கலந்த கரைசல் கொஞ்சம் விட வேண்டும். தண்ணீரில் ஒட்சிசன் இருந்தால் உள்ளே பழுப்பு முகில் போல ஒன்று திரளும். ஒட்சிசன் இல்லையென்றால் அந்த முகில் வெள்ளையாக நிற்கும். பிறகு அமிலம் விட்டால் முகில் கரைந்து மஞ்சளாகும், மாக்கரைசல் விட்டால் நீலமாகும், தயோசல்பேற்றைச் சொட்டுச் சொட்டாக விட ஒரு சொட்டில் நீலம் மறையும். எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு.

நேற்றைய போத்தலில் முகில் கடும் பழுப்பு. கணக்குப் போட்டால் லீற்றருக்கு 11 மில்லிகிராம். வெப்பம் 30 பாகை. அந்த வெப்பத்தில் காற்றிலிருந்து தண்ணீர் ஏற்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வந்தது? அந்தப் பச்சையிலிருந்து. கோடிக்கணக்கான பாசி வெயிலில் ஒட்சிசனை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. பிற்பகலில் மட்டும் வந்து பார்த்துப்போகும் ஒருவர் மீனுக்கு அருமையான இடம் என்று எழுதிவிட்டுப் போவார்.

இன்று விடிய நாலரைக்கு மாமா எழுப்பினார். அம்மா தந்த கோப்பியைக் குடித்துவிட்டு ரோச் வெளிச்சத்தில் போனோம். கரைக்குக் கிட்டப் போகும் முன்பே சத்தம் கேட்டது. "ப்ச், ப்ச்" என்று சின்னச் சின்னச் சத்தம். வெளிச்சம் அடித்தால் மடு முழுக்க மீன் வாய்கள். நூற்றுக்கணக்கான குஞ்சு மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பெறாமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

போத்தல் எடுத்தேன். கைநடுக்கத்தில் இரண்டு தரம் குமிழி புகுந்துவிட்டது. மூன்றாவதில் கரைசல்களை விட்டேன். முகில் ஏறக்குறைய வெள்ளையாகவே நின்றது. கணக்கில் ஒன்றரை மில்லிகிராம். நேற்றைய போத்தலையும் இன்றைய போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் படம் எடுத்தான். பதினான்கு மணித்தியால இடைவெளி, ஒரே மடு.

பகலில் ஒட்சிசன் கொடுத்த அதே பாசி, இருட்டியதும் அதை எடுத்துச் சுவாசிக்கத் தொடங்குகிறது. அடியில் அழுகும் பாசியைத் தின்னும் பக்டீரியாக்களும் எடுக்கின்றன. விடிவதற்குச் சற்று முன் எல்லாம் தீர்ந்துபோகிறது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. பகலில் பாசி தண்ணீரிலிருந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் பிஎச் ஏறும். நேற்றுப் பிற்பகல் 8.9. வயலிலிருந்து வரும் யூரியா அமோனியாவாக மாறும். பிஎச் 7 இல் இருக்கும்போது அந்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. 30 பாகை வெப்பத்தில் பிஎச் 9 ஐத் தொட்டால் பாதிக்குச் சற்றுக் குறைவாக நச்சாகிவிடும். பகலில் அமோனியா, இரவில் மூச்சுத்திணறல். அந்தக் குஞ்சுகளுக்கு ஓய்வே இல்லை.

வெளிச்சம் வந்த பிறகு வயலுக்கு வந்த ஐயா ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "உது விடியக்காத்தால மீன் வாய் பிளக்கிற மடு, பிள்ளை. முந்தி வத்துற காலத்திலதான் உப்பிடி. இப்ப தண்ணி கிடக்கையுக்கையும் பிளக்குது." என்னுடைய இரண்டு போத்தலையும் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். உரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் குரல் மாறியது. 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தபோது அவருக்கு விதைத்த நெல்லுக்குக்கூடத் திரும்ப வரவில்லையாம். உரம் போடாதேங்கோ என்று சொல்லும் எவரையும் அவர் இனி நம்பப்போவதில்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை. யூரியா போட்ட கையோடு வரம்பைத் திறந்து தண்ணீரை வடியவிடாமல், சில நாள் கட்டி வைத்தால் உரம் பயிருக்கே போகும், காசும் மிச்சம், ஆற்றுக்கும் வராது. "அது செய்யலாம்" என்றார். இன்னொன்றையும் கேட்டேன்: மருந்தடிக்கும் தாங்கியை வாய்க்காலில் கழுவாமல் வயலுக்குள்ளேயே கழுவ முடியுமா என்று. பூச்சிமருந்தை என் பெட்டியால் சோதிக்க முடியாது. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டும். ஆனால் பூச்சியைக் கொல்லும் மருந்து நேற்று முன்தினம் என் தட்டில் இருந்த தும்பிக்குஞ்சையும் கொல்லும் என்பதற்குக் கருவி தேவையில்லை.

வெயில் ஏறி எட்டு மணிக்கெல்லாம் மீன்கள் கீழே போய்விட்டன. மடு பழையபடி பச்சையாக, அமைதியாகக் கிடந்தது. திரும்பும் வழி முழுக்க யாரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள்: சுண்டிக்குளம்

ஆற்றின் முடிவு. முரசுமோட்டை, கண்டாவளை தாண்டி நிலம் தட்டையாகி, வானம் பெரிதாகிவிடுகிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவான இடம். தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடு போல நின்றன. பெறாமகன் தொலைநோக்கியை மாமாவிடம் கொடுக்கவே இல்லை.

இங்கே தண்ணீர் உவர்ப்பு. உப்பு ஏற ஏறத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஒட்சிசன் குறையும். அதனால் நன்னீரின் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது. கிருமிக்கும் அப்படியே. ஆற்றில் ஈ-கோலை என்ற குடல் பக்டீரியாவை எண்ணுவோம். உப்பு நீரில் அது விரைவாகச் சாகும், அதனால் உப்பைத் தாங்கும் என்டரோகொக்கசு என்ற வேறொரு குடல் பக்டீரியாவை எண்ண வேண்டும். அந்த வசதி தோழியிடம் இல்லை. களப்பைப் பற்றி நான் ஒன்றும் முடிவு சொல்லப்போவதில்லை.

இரவு தோழி அழைத்தாள். வட்டக்கச்சியில் நாங்கள் குளிக்கும் ஆற்றுத் துறையில் எடுத்த முதல் போத்தல்: 100 மில்லிலீற்றருக்கு 80 ஈ-கோலை. அம்மா பக்கத்திலேயே நின்றார். "அப்ப விடலாமோ?" இல்லை அம்மா, இன்னும் நாலு போத்தல் வேண்டும் என்றேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

ஆறாம் நாள்: எங்கள் துறை, ஐந்து கிழமை கழித்து

நான் கொழும்புக்குத் திரும்பிவிட, பெறாமகன் கிழமைக்கு ஒரு போத்தல் எடுத்து, ஐஸில் வைத்து, சைக்கிளிலேயே தோழியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. இந்தச் சனி, ஞாயிறு நான் வந்திருக்கிறேன்.

அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2012 இல் வெளியிட்ட அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் எடுத்த எண்களின் பெருக்கல் சராசரி 126 ஐத் தாண்டக் கூடாது. பத்தில் ஒன்றுக்கு மேல் 410 ஐத் தாண்டவும் கூடாது. பெருக்கல் சராசரி என்றால் எல்லா எண்களையும் பெருக்கி, எத்தனை எண்ணோ அத்தனையாம் மூலம் எடுப்பது. கிருமி எண்ணிக்கை ஒரு நாள் எட்டாகவும் மறுநாள் எண்ணூறாகவும் தாவும். சாதாரணச் சராசரி ஒரு பெரிய எண்ணின் பின்னால் இழுபட்டுப் போய்விடும்.

எங்கள் எண்கள்: 80, 60, 110, 1400, 90. நாலாவது, இரவு முழுக்க மழை பெய்த மறுநாள் எடுத்தது. சாதாரணச் சராசரி 348. பெருக்கல் சராசரி 146. பெருக்கல் சராசரி 126 ஐத் தாண்டிவிட்டது, ஐந்தில் ஒன்று 410 ஐயும் தாண்டிவிட்டது. இரண்டு விதத்திலும் துறை தேறவில்லை. ஆனால் அந்த மழைநாளை விட்டுவிட்டு மற்ற நாலையும் பெருக்கிப் பார்த்தால் 83. ஒழுங்கான மதிப்பீட்டில் அப்படி ஒன்றை எடுத்துவிடக் கூடாது, எடுத்துவிட்டு நல்ல ஆறு என்று அறிவிக்கவும் கூடாது. நான் அதைப் பார்த்தது வேறு காரணத்துக்கு. ஆறு எந்த நாளில் கெடுகிறது என்று அது காட்டுகிறது. மாட்டுப்பட்டியில் கிடந்ததும், நிரம்பிய மலக்குழியிலிருந்து கசிந்ததும், பற்றையோரத்தில் இருந்ததும் மழையோடு சேர்ந்து ஒரே இரவில் ஆற்றுக்கு வருகிறது.

இந்த எண்களில் எனக்கு இரண்டு தயக்கம் உண்டு. வெப்பமான மண்ணில் ஈ-கோலை மனிதக் கழிவு இல்லாமலும் பிழைத்துக் கிடக்கும் என்று ஹவாயில் கண்டிருக்கிறார்கள். அதனால் 1400 முழுவதும் மலத்திலிருந்து வந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். மறுபக்கம், 126 என்ற எல்லைக்குள் இருந்தாலும் குளிக்கும் 1000 பேரில் 36 பேர் வரைக்கும் வயிற்றுக் கோளாறு வரலாம் என்று கணக்கிட்டுத்தான் அந்த எல்லையை வைத்திருக்கிறார்கள். எலிக்காய்ச்சலை இந்த எண் காட்டவே காட்டாது. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களைக் கொண்டுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வயலில் இறங்குவோருக்குச் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மாத்திரையை மாமா ஒழுங்காகப் போடுகிறார். காலில் புண்ணோடு எந்தப் பிள்ளையும் ஆற்றில் இறங்கக் கூடாது, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "சரி, எப்ப விடலாம்?" என்றார்.

மழை பெய்தால் அது விட்டு மூன்று நாள் வரைக்கும் வேண்டாம். தண்ணீர் கலங்கியிருந்தால் வேண்டாம். வாய்க்குள் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்கவே வேண்டாம். மணல் அள்ளிய பக்கம் எந்த நாளும் வேண்டாம். மற்ற நாட்களில், பெரியவர் ஒருவர் கரையில் நிற்க, விடலாம். விடியலில் மீன் வாய் பிளந்தால் அது பிள்ளைக்குக் கேடு என்று பயப்பட வேண்டாம், ஆனால் எனக்கு உடனே சொல்லுங்கள்.

பெறாமகன் உடனே ஒரு யோசனை சொன்னான். மழை பெய்த நாட்களில் துறையில் நிற்கும் மருதமரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடலாம், மூன்று நாள் கழித்து அவிழ்க்கலாம், அயல் பிள்ளைகள் எல்லோரும் தூரத்திலேயே பார்த்துத் திரும்பிவிடுவார்கள். எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அம்மா தலையாட்டினார். "சிவப்பு வேண்டாம். வெடி கிடக்கிற இடத்தில நட்டது மாதிரி இருக்கும். துறையில அது வேண்டாம்."

உள்ளே போய்த் தன் பழைய மஞ்சள் சேலையை எடுத்து வந்து, ஒரு முழத்துக்குக் கிழித்து அவன் கையில் கொடுத்தார்.